பெயர் இல்லாத பாதி அட்டை

நேற்று மதியம் பிளவுஸ் பிட் பிரிவில் நின்று ஒரு அம்மாவுக்கு மெரூன் நிறத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கடையிலிருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. பில் போடும் இடத்தில், புடவைப் பிரிவில், வாங்க வந்தவர்களின் பைக்குள், என் இடுப்பில், எல்லா இடத்திலும் அதே சத்தம். அந்த அம்மா பயந்துபோய்க் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். என் கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போய்விட்டது. எடுத்துப் பார்த்தால், விழுப்புரம் மாவட்டத்துக்கு மிகக் கனமழை எச்சரிக்கை.

உடனே என் கை உன் பெயரைத் தேடிப் போனது. "உங்க பக்கம் எப்டிடி?" என்று பாதி அடித்த பிறகுதான் உறைத்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. திண்டிவனத்தில் ஒரு மேகம் கறுத்தாலும் விழுப்புரத்திலிருந்த உனக்குச் சொல்லிப் பழகிய கை இது. அதற்கு இன்னும் புத்தி வரவில்லை.

அடித்ததை அழித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் உன் பெயர் வந்தது. போன் அடித்தது. உன் போனை இப்போது உன் வீட்டுக்காரர், அண்ணன்தான் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "சொல்லுடி" என்று வாய் வரை வந்துவிட்டது.

"ஏம்மா, யாவாரத்துல இருக்கியா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணா, சொல்லுங்க."

"மாத்திரை நாளைக்கு ஒரு நாளைக்குத்தான் இருக்குது. இங்க மெடிக்கல்ல கேட்டா, ஸ்டாக் வர நாலு நாள் ஆவும்ன்றான். மழை வேற பேஜாரா இருக்கும்போல. உங்கிட்ட அரை அட்டை இருந்தா கண்டக்டர் ஏழுமலை பஸ்ல ஏத்திவுடும்மா. அவ இருக்கசொல்ல அனுப்புவியே, அந்த மாதிரி."

"சரிண்ணா" என்றேன். வைத்துவிட்டார். கோணலாக வெட்டிய துணியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்த அம்மா வேறு துண்டு கேட்டுச் சத்தம் போட்டது பாதிதான் காதில் விழுந்தது.

அரை அட்டையைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. மேகம் கறுத்ததிலிருந்து எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது வரை ஒன்று விடாமல் உன்னிடம் ஒப்பித்தவள், இதை மட்டும் நீ போகிற வரை சொல்லவில்லை. அண்ணனிடமாவது சொல்லிவிடுவதா, இல்லை மாத்திரையை அனுப்பிவிட்டு எப்போதும்போல் வாயை மூடிக்கொள்வதா என்று நேற்று சாயங்காலம் வரை அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. அதைத்தான் எழுதப்போகிறேன். இந்த முறை நீ குறுக்கே பேச முடியாது என்பதால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நம்மைச் சேர்த்துவைத்ததே ஒரு மாத்திரை அட்டைதான். இருவரும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். நான் அங்கே ஒரு ஜவுளிக் கடையில். நீ மனு டைப் அடித்துக் கொடுக்கிற கடையில். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டையே அடைத்துக்கொண்டிருந்தது. முண்டியடித்து ஏறியதில் என் பை சாய்ந்து, மாத்திரை அட்டை உன் மடியில் விழுந்தது. நீ அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் பையைத் திறந்து இன்னொரு அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய்.

"இன்னாங்க இது, உங்க வூட்டுக்காரருக்கும் சுகரா? அதே மாத்திரையா?" என்று சிரித்தாய். "அவங்க ரெண்டு பேரும் சேந்து நம்மள ஒரே சீட்டுல ஒக்கார வெச்சிட்டாங்க பாருங்க." கூட்டேரிப்பட்டு வருவதற்குள் 'ங்க' போய்விட்டது. விக்கிரவாண்டி வருவதற்குள் 'டி' வந்துவிட்டது.

ஒன்பது வருடம் அந்தப் பஸ்ஸில் நாம் பேசியதற்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் வானம், அடுத்தது வீடு, கடைசியில்தான் உடம்பு. எடுத்த எடுப்பில் உடம்பைப் பற்றிப் பேசினால் உனக்குப் பிடிக்காது. "வந்ததும் வராததுமா சீக்க பத்தி பேசாதடி, முதல்ல மழைய சொல்லு" என்பாய். வானிலை சொல்கிற மூன்று பேரைப் போனில் பின்தொடர்ந்தாய். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்வார்கள்; நீ நாலாவதாக ஒன்று சொல்வாய். உன் பேச்சை நம்பி ஒலக்கூரில் என் நாத்தனார் காயவைத்த மல்லாட்டைக் கடலை முழுக்க நனைந்தது நினைவிருக்கிறதா? அவள் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நீ சொன்னால், நான் ஜெபம் பண்றேன் என்பேன். "அப்டியே மழை நிக்கறதுக்கும் சேத்துப் பண்ணிடு. அதுக்குன்னு தனியா எதுக்கு ஆண்டவர தொந்தரவு பண்ணிக்கினு" என்பாய்.

பிறகு அண்ணனுக்கு விழுப்புரத்தில் அரிசி மில்லில் வேலை கிடைத்து நீங்கள் அங்கேயே குடிபோனீர்கள். எனக்கு முட்டி வலி வந்து, திண்டிவனத்திலேயே ஒரு கடையில் சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் பேசியதைப் போனில் பேச ஆரம்பித்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவோம். நீ என்ன குழம்பு வைத்தாய் என்பதுகூட எனக்கு மெல்லுகிற சத்தத்திலேயே தெரியும்.

மாத்திரைக் கொடுக்கல் வாங்கலும் நிற்கவில்லை. உங்கள் வீட்டில் தீர்ந்தால் நான் பாதி அட்டை வெட்டி அனுப்புவேன். என் வீட்டில் தீர்ந்தால் நீ அனுப்புவாய். நடுவில் ஏழுமலை இருந்தான். நாம் போய்வந்த காலத்திலிருந்தே அந்தத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மஞ்சப் பையை முடிந்து கொடுத்தால் போதும், அடுத்த ஊரில் சேர்த்துவிடுவான். இதில் நாமாக வைத்துக்கொண்ட ஒரு முறை இருந்தது. பெயர் அச்சடித்த பாதி, கொடுக்கிறவளிடமே இருக்கும். நம் இருவர் வாயிலும் அந்த இங்கிலீஷ் பெயர் நுழையாது. அட்டையைக் காட்டினால்தான் கடைக்காரருக்குப் புரியும். அதனால் பெயர் உள்ள பாதியை வைத்துக்கொண்டு, பெயர் இல்லாத பாதியை அனுப்புவோம். இரண்டு வீட்டிலும் ஒரே மாத்திரைதானே, பெயர் எதற்கு என்றிருந்துவிட்டோம். படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நமக்கு அது சிக்கனமாகவும் பாசமாகவும் தெரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த ஐப்பசியில், என் வீட்டுக்காரருக்கு டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டினார். ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. நிறமும் அதே, அளவும் அதே. அட்டையில் பெயருக்குப் பக்கத்திலிருந்த எண் மட்டும்தான் வேறு. இதை உன்னிடம் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அன்று மதியம் உங்கள் தெருவில் மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்த கதையை நீ சொல்லிக்கொண்டிருந்தாய். வானம் முடிந்து, வீடு முடிந்து, உடம்புக்கு வருவதற்குள் என் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் நானே மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் புயல் வந்தது. சனிக்கிழமை ஆரம்பித்த மழை ஞாயிற்றுக்கிழமை காலை வரை ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. எங்கள் பக்கம் மயிலம் ரோட்டில் ஏரி எது, நிலம் எது என்று தெரியவில்லை. உங்கள் பக்கம் இன்னும் மோசம் என்று டிவியில் காட்டினார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குளமாக நின்றது. நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு நீயே கூப்பிட்டாய்.

"மழைய பத்திப் பேச நேரமில்லடி" என்றாய். அத்தனை வருடத்தில் அன்றுதான் நீ வானத்தை விட்டுவிட்டு நேராக உடம்புக்கு வந்தாய். "வூட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணி. எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டோம். அவரு மாத்திரை டப்பா மெதந்துக்கினு எங்கயோ போயிடுச்சு. இங்க ஒரு மெடிக்கலும் தொறக்கல. நீதான்டி ஜல்தியா எதனா பண்ணணும்."

நான் அலமாரியைத் திறந்தேன். அட்டையை எடுத்தேன். எண்ணத்தில் ஒன்றுமே இல்லை. பஸ் நின்றுவிடுமோ என்ற ஒரே பயம்தான். வருடக்கணக்காகத் துணி வெட்டுகிற கை, ஒரு நொடியில் நேராக வெட்டிவிட்டது. பெயர் உள்ள பாதி அலமாரிக்குப் போனது. பெயர் இல்லாத பாதியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"விக்கிரவாண்டி வரைக்கும் போவும்ன்றாங்கக்கா. அப்பால எனக்குத் தெரியாது" என்றான் ஏழுமலை.

"எப்டியாச்சும் சேத்துடுப்பா. அவருக்கு மாத்திரை இல்லன்னா கஷ்டம்."

நல்ல மனுஷன். பஸ் நின்ற இடத்திலிருந்து இறங்கி, தண்ணீரில் நடந்து, விசாரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து உன் கையில் கொடுத்தான். நாலு மணிக்கு, வந்துவிட்டது என்று உன் குறுஞ்செய்தி. அதோடு டவர் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் மாத்திரை எடுக்கப் போனார். "பாதி அட்டைதான் இருக்குது. மீதி எங்க?" என்று கேட்டார்.

"விழுப்புரத்துக்கு அனுப்பிச்சேன். அண்ணனோடது தண்ணில போயிடுச்சாம்."

அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அடியே, இது ரெண்டு பவர் ஆச்சே. அவருக்கு ஒன்னுதான?"

நான் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு உனக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அண்ணனுக்கு அடித்தேன். அதே குரல். எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அண்ணன் காலையில் வெறும் வயிற்றில்தான் மாத்திரை போடுவார், கால் மணி நேரம் கழித்துச் சாப்பிடுவார் என்பது உன்னைப்போலவே எனக்கும் மனப்பாடம். மணி ஏழேகால் ஆகியிருந்தது. முகாமில் எத்தனை மணிக்குச் சோறு வரும் என்று யாருக்குத் தெரியும்?

புடவையை மாற்றாமல் அப்படியே கிளம்பிவிட்டேன். கூட்டேரிப்பட்டு வரை ஒரு பஸ் போனது. அங்கே ஒரு மெடிக்கலில் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தார்கள். பெயர் உள்ள பாதியைக் காட்டி, ஒரு பவர் போட்டது வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் பால் வண்டி ஒன்றில் விக்கிரவாண்டி. அங்கிருந்து மணல் மூட்டை ஏற்றிப்போன ஒரு டிராக்டர். அதுவும் நின்ற பிறகு நடை. முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நடக்க நடக்க ஒரே வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டே வந்தேன். உன்னைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. வகுப்பறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அண்ணனைப் படுக்கவைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. சட்டையெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். நீ தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாய்.

"பதினோரு மணிக்குத்தான் சாப்பாட்டு வண்டியே வந்துது. மாத்திரைய குடுத்துட்டு, இட்லிப் பொட்டலம் குடுக்கறாங்கன்னு லைன்ல போய் நின்னேன்டி. ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. வந்து பாத்தா வேர்த்து ஊத்துது. கை காலு வெட்டி வெட்டி இழுக்குது. என்னைய பாத்து, நீ யாருன்னு கேக்கறாரு."

முகாமுக்கு அனுப்பியிருந்த நர்ஸ் ஒருத்தி அங்கே இருந்தாள். சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. அவள்தான் சர்க்கரையைக் கரைத்து ஊற்றிக் காப்பாற்றியிருந்தாள். விரலில் குத்தி அளவு பார்த்துக்கொண்டே, "என்னா மாத்திரைம்மா குடுத்தீங்க?" என்று கேட்டாள். நீ அட்டையை நீட்டினாய்.

"இதுல பேரே இல்லையே. யாரு குடுத்தது?"

நீ என்னைக் காட்டினாய். பெருமையாகக் காட்டினாய். "இவதான் அனுப்பிச்சா. இவங்க வூட்டுக்காரருக்கும் இதே மாத்திரைதான். இந்தத் தண்ணில திண்டிவனத்துலேர்ந்து நடந்து வந்துருக்கா பாருங்க."

நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். "எத்தினி பவரு, அக்கா? ஒன்னா, ரெண்டா?"

வழியெல்லாம் தயார்செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நீ அழுத கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். சுற்றிலும் உங்கள் தெரு ஜனம் முழுக்க நின்றது.

"ஒன்னுதான்" என்றேன்.

"அப்ப மாத்திரையால இல்ல" என்றாள் நர்ஸ். உன் பக்கம் திரும்பினாள். "வெறும் வயித்துல ரொம்ப நேரம் வுட்டுட்டீங்கம்மா. இனிமே சோத்த பக்கத்துல வெச்சுக்கினு அப்பறமா மாத்திரைய குடுங்க. புரியுதா?" நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்தக் குனிந்த தலையை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு விட்டேனா? நனைந்திருக்கும், இந்தப் புதுசை வைத்துக்கொள் என்று சொல்லி உன் கையிலிருந்த அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கூட்டேரிப்பட்டில் வாங்கியதைக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வரை அண்ணன் பக்கத்தை விட்டு நகரவில்லை. அரை மணிக்கொரு தடவை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். நாலு மணிக்கு மறுபடி அவர் கை சில்லிட்டு, வேர்க்க ஆரம்பித்தது. நான் போட்ட கத்தலில் நர்ஸ் ஓடிவந்தாள். அளவைப் பார்த்துவிட்டு, "ஒரு பவருக்கு இவ்ளோ நேரம் எறங்கிக்கினே இருக்காதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் சுவரில் எழுதியிருந்த வாய்ப்பாட்டைப் பார்த்தேன். ஆறு மணிக்கு அளவு ஏறி நின்றது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

என் தோளில் சாய்ந்துகொண்டு, "உன்ன மாதிரி எனக்கு யாருடி இருக்கா" என்றாய். அந்தச் சொல்லை நான் எங்கே வைத்துக்கொள்வேன், நீயே சொல்.

அதற்குப் பிறகு நீ மாறிப்போனாய். கடை வேலையை விட்டுவிட்டாய். மில்லுக்கு மூன்று வேளையும் சோறு எடுத்துக்கொண்டு நீயே நடந்தாய். நாம் பேசுகிற நேரம் மாறியது. பேச்சின் வரிசையும் மாறியது. முதலில் அண்ணன் சாப்பிட்டது, பிறகுதான் மழை, வெயில் எல்லாம். உன் மகள் பெங்களூருக்கு வா என்று கூப்பிட்டாள், போகவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு வந்தவள் பந்திகூட உட்காராமல் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாய். ஜனங்கள் உன்னைக் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி.

போன தைக்குப் பிறகு நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். அதையும் கடைசியில், வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாய். டாக்டர் பாண்டிக்குப் போய் இரண்டு நாள் தங்கி ரத்தக் குழாய் டெஸ்ட் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான் சண்டை போட்டேன். நானே வந்து இரண்டு நாள் இருந்து அண்ணனுக்குச் சோறு போடுகிறேன் என்றேன்.

"நீ போடுவடி, எனக்குத் தெரியாதா" என்றாய். "ஆனா நான் பக்கத்துல இல்லன்னா எனக்கு உசுரே இருக்காது. ஒரு மணி நேரம் லைன்ல நின்னதுக்கே அவர சாவ குடுக்கப் பாத்தேன். ரெண்டு நாள் எப்டிடி வுட்டுட்டுப் போறது? வெயில் காலம் முடியட்டும், பாத்துக்கலாம்."

அந்த நிமிடம்தான். நீ லைனில் நின்றதால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். எத்தனை நாள் பஸ் தாமதமாகி, சோறு தாமதமாகி, லேசாகத் தலை சுற்றியதோடு அண்ணன் தாங்கியிருக்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதை நினைவுபடுத்தியிருந்தால்கூட உனக்குப் பொறி தட்டியிருக்கும். நான் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சொன்னால் மறுநாள் மதியம் நீ போனை எடுக்க மாட்டாயோ என்று பயந்தேன். அந்த இருபது நிமிடத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

சித்திரையில் ஒரு காலை, அண்ணன் சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவப் போன இடத்தில் நீ விழுந்தாய். முன்னாடியே பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். பார்த்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை வைத்துக்கொண்டு தப்பித்துக்கொள்ள ஏழு மாதமாக முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை.

நேற்று சாயங்காலம் கடை விட்டதும் மெடிக்கலுக்குப் போனேன். அண்ணனுக்கு இன்னும் ஒரு பவர்தான். முழு அட்டையாக வாங்கினேன். வீட்டுக்குப் போகாமல், அங்கேயே கூரைக்கடியில் நின்று உன் எண்ணுக்கு அடித்தேன். அண்ணன் எடுத்தார். மாத்திரை வாங்கிவிட்டேன், காலை பஸ்ஸில் வரும் என்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸிடம் பொய் சொன்னது வரைக்கும், உன் கையிலிருந்து அட்டையைப் பறித்துக்கொண்டது வரைக்கும்.

அவர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கமும் மழைதான்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணா. கடசி வரைக்கும் சொல்லல."

"பாண்டிக்கு எழுதிக் குடுத்த சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னாலதான் இருக்குது" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எத்தினி தடவ சொன்னேன், நான் பாத்துக்கறேன் நீ போடின்னு. அவ வுட்டுட்டுப் போனா நான் செத்துடுவேன்னு நெனச்சிக்கினா."

"அண்ணா…"

"வெச்சிடறேம்மா."

இன்று காலை மாத்திரையை ஏழுமலையிடம் கொடுத்தேன். ஆள் வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். மழை பிடித்துக்கொண்டது. மதியத்துக்கு மேல் பஸ் ஓடாது என்று பேச்சு. பத்தரை மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"விழுப்புரம் வந்து அரை மணி நேரமாச்சுக்கா. யாரும் வர்ல. வண்டிய எடுக்கச் சொல்லிக் கத்தறாங்க. எடுத்தாந்துடட்டா?"

"அஞ்சு நிமிஷம் இருப்பா. இன்னைக்கு வுட்டா நாளைலேர்ந்து அவருக்கு மாத்திரை இல்ல."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். வாடிக்கையாளர் ஒருத்தர் என்னவோ கேட்டார், கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் ஹாரன் அடிப்பது இங்கே கேட்டது. உன் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. ஆனால் வீம்புக்காரர். மாத்திரை இல்லாமல் கிடந்தாலும் கிடப்பார், என் கையால் வந்ததைத் தொட மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அவருக்கு ஏதாவது ஆனால் நான் இரண்டாவது தடவையாக அதற்குக் காரணமாவேன்.

"இருங்கக்கா, இருங்கக்கா" என்றான் ஏழுமலை. "வர்றாரு. குடைய புடிச்சிக்கினு அந்தாண்ட வர்றாரு."

"குடுத்துடு."

"குடுத்துட்டேன். கவர பிரிக்கறாரு. அட்டைய வெளிய எடுத்துப் படிக்கறாருக்கா. கண்ணாடி போட்டுக்கினு படிக்கறாரு… திருப்பிப் பாக்கறாரு… மறுபடியும் படிக்கறாரு."

"எதனா சொன்னாரா?"

"சட்டைப் பையில வெச்சிக்கினு போயிட்டாரு."

எனக்கு அது போதும். இனி என்னிடமிருந்து போகிற எதையும் அவர் அப்படித்தான் இரண்டு தடவை படிப்பார். படிக்கட்டும். அது அவருடைய உரிமை.

இப்போது வெளியே நன்றாகக் கொட்டுகிறது. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னதால் உன்னிடம் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அன்று விக்கிரவாண்டிக்கு அப்பால் தண்ணீரில் நடந்தபோது தயார்செய்த வாக்கியம் ஒரு வார்த்தை மாறாமல் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது. அந்த நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. ஆனால் கண்ணை மூடினால் அதே வகுப்பறைதான். தெருவே கூடி நிற்கிறது, நீ தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஒன்னா ரெண்டா என்று அவள் கேட்கிறாள்.

"ரெண்டுங்க. நான்தான் மாத்தி அனுப்பிச்சிட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."